ஆடிக்குப் போன கம்ப்யூட்டர்

பிசி நல்லதா, கன்சோல் நல்லதா என்று என்னிடமா வந்து கேட்கிறீர்கள்? உங்களுக்கு வேறு வேலை இல்லையா? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருந்தால் முதலில் போய் அணைத்துவிட்டு வாருங்கள். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட கிழவி நான். கடைக்காரனிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? ஆனாலும் விடமாட்டீர்கள். அந்த வீட்டில் கேம் ஆடுகிற பெட்டி இரண்டும் இருக்கிறது, இரண்டையும் கிழவிதான் துடைக்கிறாள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவர்களுக்கு முழுசாகத் தெரியாது. டி.வி.க்குக் கீழே இருக்கிற கன்சோலை மட்டும்தான் துடைக்கிறேன். பிசியின் பக்கம் துணியோடு போக எனக்கு அனுமதி இல்லை. ஏன் இல்லை என்பதைக் கறக்கத்தான் வந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? சரி, உட்காருங்கள். ஆனால் நடுவில் சிரிக்கக் கூடாது.

எட்டு வருஷம் ஆகிறது. ஆடி பிறக்க ஒரு நாள் இருக்கும்போது, காலை வேளையில், சித்தூரில் எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சற்று நேரத்தில் அதன் பின்சீட்டில் என் மருமகளின் கல்யாணக் கூறைப்புடவை ஏறி உட்கார்ந்தது. புடவைக்குள்ளே கம்ப்யூட்டர் பெட்டி. குளிப்பாட்டிய குழந்தையைத் துண்டில் சுற்றுவது போல நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். பக்கத்தில் அவள், மடியில் மானிட்டர். துணிமணியெல்லாம் ஒரு சின்னப் பையில் காலடியில் கிடந்தது. "போய்ட்டு வரேன் அத்தை" என்று சொல்ல வேண்டியவள், "போறேன் அத்தை" என்றாள். எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் புது மருமகளும் மாமியாரும் ஒரே வாசற்படியைத் தாண்டக் கூடாது. பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஆவணி பிறந்ததும் வருவாள். அதனால் அவள் திருப்பதிக்குக் கிளம்பியதில் தெருவுக்கு ஆச்சரியம் இல்லை. பெட்டியைப் பார்த்துத்தான் ஆச்சரியம். ஆடிக்குப் போகிறவள் நாலு புடவையோடு போவாள், கம்ப்யூட்டரோடு எவள் போவாள்? எதிர்வீட்டுக்காரி கோலமாவு டப்பாவோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். "இன்னாக்கா, மருமவ ஆடிக்குப் போறாளா, கோச்சுக்கினு போறாளா?" என்று கேட்டாள். "உன் வூட்ல பால் பொங்குது, போய்ப் பாரு" என்றேன். எனக்கே பதில் தெரியாத கேள்வி அது.

வைகாசியில்தான் கல்யாணம் நடந்தது. அவள் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தவள். அந்தப் பிசியை யாரும் அவளுக்கு வாங்கித் தரவில்லை. இந்த மாதம் ஒரு கார்டு, அடுத்த தீபாவளிக்கு ஒரு ஃபேன் என்று மூன்று வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்துத் தானே பூட்டியது. சீர்வரிசையில் குத்துவிளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவில் அதற்கும் ஒரு முழம் மல்லிகை சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். என் மகனிடம் ஏற்கெனவே கன்சோல் இருந்தது. பால் டெய்ரியில் சூப்பர்வைசர் வேலை முடித்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து கன்ட்ரோலரைப் பிடித்துவிடுவான். பெண் பார்த்தபோது இரண்டு பேரும் கேம் ஆடுகிறவர்கள் என்று தெரிந்ததும் ஜாதகப் பொருத்தத்தை யாரும் அப்புறம் சரியாகப் பார்க்கவே இல்லை. நிச்சயம் ஆன வாரமே அவன் போய் இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கி வந்தான். அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தான், அவள் வந்து பிரிக்கட்டும் என்று.

அவள் வந்தாள், பிரிக்கவில்லை. ஒரு தரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கார் ரேஸ் ஆடினாள். கட்டைவிரலால் வண்டி ஓட்டுவது கையுறை போட்டுக்கொண்டு பூக்கட்டுவது போல இருக்கிறது என்று எழுந்துவிட்டாள். அவளுக்குக் கீபோர்டும் மவுஸும் வேண்டும், மூஞ்சிக்கு முன்னால் மானிட்டர் வேண்டும், காதில் ஹெட்போன் வேண்டும். சமையலறையை ஒட்டி இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வாள். இவன் ஹாலில், அவள் உள்ளே. கன்சோல் ஆடுவது நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. போடுகிறதைச் சாப்பிடலாம், பக்கத்து இலையைப் பார்த்துச் சிரிக்கலாம். பிசி ஆடுவது தன் கையால் உப்பு பார்த்துப் பார்த்துச் சமைக்கிற மாதிரி. சமைக்கிறவளுக்குத்தான் அந்த ருசி தெரியும், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அவள் முதுகுதான் தெரியும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பகல் மூன்று மணி ஆனால் அந்தச் சின்ன அறையிலிருந்து பஸ் ஹாரன் சத்தம் வரும் என்பதுதான். தினமும் வரும். ஹெட்போனை மாட்ட மறந்த நாளில் வீடே பஸ் ஸ்டாண்டு ஆகிவிடும். கல்யாணம் ஆன பெண் பொம்மை பஸ் ஓட்டிக்கொண்டு இருக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நமைச்சல். மகனுடைய முகம் வேறு வாடிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்த இரண்டாவது கன்ட்ரோலரின் உறையை நான்தான் பிரித்தேன். புட்பால் ஆடினோம். என் பக்கத்துக் கோலிலேயே நான் மூன்று கோல் போட்டேன். அது என் கோல் என்று கடைசி வரை எனக்குத் தெரியாது.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் இரும்பாக இருக்கிறதெல்லாம் மஞ்சள் தண்ணீரில் துடைத்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். பீரோ, அடுப்பு, தையல் மிஷின், மகனுடைய பைக், எதற்கும் விலக்குக் கிடையாது. கன்சோலுக்கும் வைப்பேன். வழவழவென்று மூடிய பெட்டி, மேலே ஒரு பொட்டு, அவ்வளவுதான். அன்று மருமகள் பிசியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றிவைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு வண்டித் தூசி. ஐயோ, சீராக வந்த பொருள் இப்படியா கிடக்கும் என்று மனசு கேட்கவில்லை. ஈரத்துணியால் சந்து பொந்தெல்லாம் துடைத்தேன். துடைத்ததோடு விட்டேனா? ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மஞ்சள், அதன் மேல் ஒரு குங்குமம். ஃபேனுக்கு இதழ் இதழாக வைத்தேன். தகட்டை மூடிவிட்டு நல்ல பிள்ளையாகக் கீரை ஆய உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு ஹாரன் வரவில்லை. டப் என்று ஒரு சத்தமும் கருகின வாசனையும்தான் வந்தது. மருமகள் வெளியே வந்தாள். "அத்தை, யாராவது அத தொட்டீங்களா?" என்று கேட்டாள். வீட்டில் நானும் அவளும்தான் இருந்தோம், இதில் யாராவது என்று ஒரு மரியாதை. நான் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பல்லி கில்லி பூந்திருக்கும். பழைய வூடு இல்ல?" என்றேன். அவள் உள்ளே போய்த் தகட்டைக் கழற்றினாள். பிறகு கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "பல்லி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டுப் போயிருக்குது அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். சாயங்காலம் மகன் வந்தான். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "போனா போவுது உடு. வா, கன்சோல்ல ஆடலாம். ரெண்டாவது கன்ட்ரோலர் சும்மா தான கீது?" என்றான். அவள் முகத்தை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவள் போன விதத்தைத்தான் முதலிலேயே சொன்னேனே.

ஆடி பிறந்தது. மகன் தினமும் போன் செய்வான். அவள் சாப்பிட்டாயா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். ஆவணிக்கு எந்தத் தேதி கூப்பிட வரட்டும் என்று கேட்டால், "பாக்கலாம்" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்குச் சோபா கொள்ளவில்லை. உட்காருவான், எழுந்திருப்பான், டி.வி.யைப் போடுவான், நிறுத்துவான். அவள் ஆடுகிற அந்த பஸ் கேமை அவனும் கன்சோலுக்கு வாங்கினான். அதில் எங்கோ பனி பெய்கிற ஊரில் ஆளில்லாத ரோட்டில் ஓட்டிக்கொண்டே இருந்தான். "இதுல இன்னாம்மா கீதுன்னு தினமும் ஓட்டுனா?" என்று என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பிசி கெட்டதை யாராவது சரி செய்துவிடுவார்கள், பல்லி என்று சொன்னதை யார் சரி செய்வது? போனில் சொல்லலாம் என்று பார்த்தால், நான் வாய் திறக்கும்போதெல்லாம் சிக்னல் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், நான்தான் போனை அணைத்தேன். புதன்கிழமை காலை திருப்பதி பஸ் ஏறிவிட்டேன்.

சம்பந்தியம்மா வீடு மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "வதினா, லோப்பலிக்கு ராகண்டி!" என்று மறித்தார். அண்ணி, உள்ளே வராதீர்கள் என்கிறார். பதறினால் அவருக்குத் தெலுங்குதான் வரும். "ஆடி மாசம் வதினா, பொண்ணு உள்ள கீறா, படி தாண்டாதீங்க." "நான் எங்க தாண்டுனேன்? உங்க லிஃப்ட்டு நல்லா கீதுன்னாங்க, பாக்க வந்தேன்" என்றேன். லிஃப்டுக்கும் கதவுக்கும் நடுவில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். காபி படிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீண்டு வந்தது. உள்ளே தரையில் பேப்பரை விரித்து, பிசியைத் துண்டு துண்டாகப் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தாள் என் மருமகள். வாங்க அத்தை என்றாள். தலையைத் தூக்கவில்லை. நான் பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினேன், மாங்காய் விலையைப் பற்றிப் பேசினேன், லிஃப்டில் என்னைப் பார்த்துக் குரைத்த நாயைப் பற்றிப் பேசினேன். பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், "பல்லி இல்லம்மா. நான்தான்" என்றேன்.

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சிக்கினே எதுக்குக் கேட்ட?"

"சொல்றீங்களான்னு பாத்தேன்." பிறகு, "தண்ணி வெச்சுத் தொடச்சதுக்குக் கோவம் இல்ல. அழுக்கா கீதேன்னு தான் தொடச்சீங்க. அந்தப் பல்லி தான் அத்தை..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் ஒரு பச்சைப் பலகையைப் பேப்பரோடு படிக்கு இந்தப் பக்கம் தள்ளினாள். கூடவே காது குடைகிற பஞ்சுக்குச்சி ஒரு கட்டு, ஸ்பிரிட் ஒரு பாட்டில். "தொடைக்கணும்னு ஆச தான? தொடைங்க."

துடைத்தேன். திருமலை ஏறுகிறபோது வளைவிலிருந்து கீழே பார்த்தால் திருப்பதி தெரிகிற மாதிரி இருந்தது அந்தப் பலகை. சின்னச் சின்ன வீடு, தொட்டி, தெரு, எல்லாத் தெருவிலும் என் குங்குமம். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். "கன்சோலா இருந்தா இப்டித் தொறந்து தொடைக்க முடியுமா அத்தை? மூடிக் குடுத்துடுவான். போச்சுன்னா போனது தான். இதுல எது கெட்டுதோ அத மட்டும் மாத்திக்கலாம்." நான் விடுவேனா? "கன்சோலா இருந்தா நான் உள்ள கையே உட்டிருக்க முடியாதே. மேல ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிருப்பேன். அது பாட்டுக்கு ஓடிக்கினு இருந்திருக்கும்" என்றேன். ஆடி பிறந்து முதல் தடவையாகச் சிரித்தாள். இந்த உலகத்தில் பிசியா கன்சோலா என்று நடக்கிற சண்டை அவ்வளவும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வாசற்படியில் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமையும் போனேன். மூன்றாவது புதன்கிழமை, கருகிப்போன சாமானுக்குப் பதில் புதுசு போட்டு, பிசியை உயிரோடு வைத்திருந்தாள். மானிட்டரை வாசல் பக்கம் திருப்பினாள். ஒரு சிவப்பு பஸ். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. அந்தப் பாறைகளை எனக்குத் தெரியும். காலையில்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். காணிப்பாக்கம் போகிற பிரிவு வந்தது, சந்திரகிரிக் கோட்டை வந்தது, கடைசியில் இந்த மாடிக் குடியிருப்பே வந்து நின்றது. கீழே காய்கறி வண்டி உட்பட. "கம்பெனிக்காரன் குடுக்குறது எங்கியோ பனி பெய்யிற ஊரு அத்தை. பிசின்னா நம்ம ரோட்ட நாமளே உள்ள போட்டுக்கலாம். கன்சோல்ல அவன் குடுத்ததுல தான் ஓட்டணும்" என்றாள். அப்போதுதான் எனக்கு அந்த மூன்று மணி ஹாரன் உறைத்தது. என் வீட்டுச் சின்ன அறையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தினமும் அம்மா வீட்டுக்குப் போய் வந்திருக்கிறாள்.

போய் வந்திருக்கிறாள் என்று நான்தான் நினைத்தேன். "சரி, அப்டியே திருப்பு. நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றேன். திருப்பினாள். கோட்டை, பாறை, பிரிவு எல்லாம் தாண்டிச் சித்தூர் என்று ஒரு பலகை வந்தது. பலகையைத் தாண்டியதும் ரோடு இல்லை. தரையே இல்லை. பஸ் சாம்பல் நிற ஆகாசத்தில் விழுந்துகொண்டே போனது.

"இன்னாம்மா இது? சித்தூர எவன் துன்னுட்டான்?"

"இன்னும் போடல அத்தை. கல்யாணத்துக்கு முன்ன இங்கேர்ந்து போட்டுக்கினே அந்தப் பலகை வரைக்கும் வந்துட்டேன். மீதி அங்க வந்து பாத்துப் போடலாம்னு இருந்தேன். ரெண்டு மாசத்துல நம்ம தெருவ நாலு தடவ தான் பாத்தேன். எத வெச்சுப் போடுறது?"

குறையாகச் சொல்லவில்லை. ரேஷனில் சர்க்கரை வரவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் திரும்பி வரும்போது எனக்கு ஜன்னலோரம் இருப்புக் கொள்ளவில்லை. புதுப் பெண் வெயிலில் எதற்கு, கடைக்கு எதற்கு, நான் இருக்கிறேனே என்று ஒவ்வொரு நாளும் அவளைப் படிக்கு உள்ளேயே நிறுத்தியது நான்தான். நிஜமான பஸ் நிஜமான சித்தூர்ப் பலகையைத் தாண்டியபோது, என்னை அறியாமல் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மகனிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை போனையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். பலகையிலிருந்து வீடு வரை போட்டோ எடுத்தான். சாக்கடை, கரண்டு கம்பம், எதிர்வீட்டு முருங்கை, எங்கள் கேட்டு, எதையும் விடவில்லை. வீட்டை விற்கப் போகிறோம் என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லையாம். அவளும் அதைப் பற்றிப் போனில் பேசவில்லையாம். நாலாவது புதன்கிழமை நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே மானிட்டர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் பலகையைத் தாண்டியது, விழவில்லை. எங்கள் தெருவுக்குள் வந்தது. என் வீட்டு முன்னால் நின்றது. நான் பார்த்தேன், கோபம் வந்துவிட்டது.

"என் வூடு பச்சையாடி? நீலம் அது!"

"போட்டோல பச்சையா தான் தெரியுது அத்தை."

"போட்டோ கெடக்குது. வந்து பாரு."

அவள் கை மவுஸிலேயே இருந்தது. "வாசல்ல படி மூணா, நாலா?" என்றாள்.

"அதுவும் வந்து பாரு."

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா காபி டம்ளரோடு வந்தவர், என்ன நடக்கிறது என்று புரியாமல் அப்படியே நின்றார். மருமகள் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் "பாக்கலாம்" என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இப்போது இரண்டும் ஹாலில்தான் இருக்கின்றன. மகன் சோபாவில், அவள் மேஜையில், முதுகுக்கு முதுகு. இந்தப் பக்கம் புட்பால் கூட்டம் கத்தும், அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடிக்கும். கன்சோல் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, எட்டு வருஷமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. பிசியில் அன்றைக்கு நான் பொட்டு வைத்த சாமான்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிவிட்டாள், வெளிப் பெட்டி மட்டும்தான் மிச்சம். அதே பிசிதானா இது என்று கேட்டால், அதேதான் என்கிறாள். எனக்கு அது புரிவதில்லை. ஆனால் மகன் இப்போது அவளோடு வாரத்தில் இரண்டு நாள் கடைத்தெருவுக்கு நடந்து போகிறான், நானும் யாரையும் படிக்கு உள்ளே நிறுத்துவதில்லை. எங்களிடமும் ஏதோ சில சாமான்களைக் கழற்றி மாட்டியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். பேத்தியைக் கேட்டால் கன்சோல்தான் பிடிக்கும் என்கிறாள், ஏனென்றால் "அதுல தான் ஆயா தோப்பாங்க."

ஆவணி முதல் நாள் நானே போனேன். அன்றைக்குத்தான் அந்தப் படியைத் தாண்டினேன். பஸ்ஸில் அவள் மடியில் மானிட்டர், என் மடியில் கூறைப்புடவை சுற்றிய பெட்டி. வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்து, அந்த மரம் இந்தப் பக்கம் இருக்கிறது, நான் மாற்றிப் போட்டுவிட்டேன் என்று ஒரே புலம்பல். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் பெட்டியைக்கூட வாங்காமல் இறங்கிப் படியைக் காலால் எண்ணினாள். மகன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குள் எதிர்வீட்டுக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, தெருமுனை இஸ்திரிக்காரர் சம்சாரம் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். மருமகள் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, எதிர்வீட்டுக்காரி என் தோளை இடித்தாள். "இப்பவாச்சும் சொல்லுக்கா. அவ ஆடிக்குப் போனாளா, கோச்சுக்கினு போனாளா?"

பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னேன்: "அவ ஆடிக்குத் தாம்மே போனா. கோச்சுக்கினு போனது நானு. புதன்கெழம புதன்கெழம அவங்க வாசல்ல செருப்பாண்ட குந்திக்கினு கெடந்தேன். பாவம், அவ தான் சமாதானம் சொல்லி என்ன வூட்டுக்கு இட்டுக்கினு வந்தா."